அலானிஸ் ஒபோம்சாவின்

அலானிஸ் ஒபோம்சாவின் (பிறப்பு: ஆகஸ்ட் 31, 1932) கனடாவைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர், பாடகர், கதைசொல்லி. அபெனாகி என்னும் முதற்குடி இனத்தவர். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் 1967 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பணியாற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியுள்ளார். அவற்றில் பெரும்பாலானவை கனடாவின் பூர்வகுடி மக்களின் நில உரிமை, மீன்பிடி உரிமை, குழந்தைகளின் நிலை ஆகியவற்றைப் பேசுபவை. 1990-ஆம் ஆண்டின் ஓகா நெருக்கடியைப் பதிவு செய்த 'கானெசடாகே: 270 ஆண்டு எதிர்ப்பு' இவருடைய மிகவும் அறியப்பட்ட படம்.

பிறப்பும் இளமையும்

ஒபோம்சாவின் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லெபனான் என்ற ஊருக்கு அருகே பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கியூபெக் மாகாணத்தின் ஒடானாக் என்னும் அபெனாகி ஒதுக்கீட்டுப் பகுதிக்குத் திரும்பியது. தந்தை வேட்டைக்கு வருபவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். தாயின் வழி உறவினரான தியோபில் பனாடிஸ் அபெனாகி இனத்தின் கதைகளையும் பாடல்களையும் சிறுமி அலானிசுக்குச் சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் மேடையிலும் திரையிலும் அவர் வெளிப்பட்ட விதத்துக்கு வேர் இந்த வாய்மொழிக் கல்விதான்.

ஒன்பது வயதில் குடும்பம் த்ரூவா ரிவியே நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்கள் மட்டுமே பூர்வகுடிக் குடும்பம். பள்ளியில் பயன்படுத்தப்பட்ட கனடா வரலாற்றுப் பாடநூல் பூர்வகுடிகளைப் பாதிரியார்களைக் கொன்ற காட்டுமிராண்டிகளாகச் சித்தரித்தது. வரலாற்றுப் பாடம் நடந்த நாட்களில் வகுப்புத் தோழர்கள் வெளியே காத்திருந்து தன்னை அடிப்பார்கள் என்று ஒபோம்சாவின் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை மாறினால்தான் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் மாறும் என்ற எண்ணம் அப்போதே தனக்கு வந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். பன்னிரண்டு வயதில் தந்தை காசநோயால் இறந்தார்.

அபெனாகியும் பிரெஞ்சும் பேசி வளர்ந்த அவர் ஆங்கிலத்தைப் பின்னாளில்தான் கற்றார். 1950-களின் இறுதியில் மொன்றியால் நகருக்கு வந்து, அங்கிருந்த எழுத்தாளர்கள், ஓவியர்கள், இசைக் கலைஞர்களின் வட்டத்தில் இணைந்தார்.

பாடகரும் ஒரு நீச்சல் குளமும்

1960-இல் நியூயார்க் நகரின் டவுன் ஹால் அரங்கில் ஒபோம்சாவின் பாடினார். தொழில்முறைப் பாடகராக அதுவே அவருக்குத் தொடக்கம். அதன்பின் பல்கலைக்கழகங்கள், நாட்டார் இசை விழாக்கள், பள்ளிகள், சிறைகள் எனப் பல இடங்களில் பாடினார், கதை சொன்னார்.

அவர் திரைப்படத்துக்கு வந்த வழி சற்று விசித்திரமானது. ஒடானாக் பிள்ளைகள் நீந்தி விளையாடிய ஆறு மாசடைந்து, அதில் இறங்கக் கூடாது என்றானது. அருகிலுள்ள பியர்வில் ஊரின் நீச்சல் குளத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஒடானாக்கிலேயே ஒரு குளம் கட்டுவதற்காக ஒபோம்சாவின் இசை நிகழ்ச்சிகள் நடத்திப் பணம் திரட்டினார். குளமும் கட்டப்பட்டது. இந்த முயற்சியைப் பற்றிக் கனடா ஒலிபரப்புக் கழகத்தின் 'டெலஸ்கோப்' தொடர் 1966-இல் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதைப் பார்த்த தேசியத் திரைப்பட வாரியத்தின் தயாரிப்பாளர்கள் ஜோ கோனிக்கும் பாப் வெரலும், பூர்வகுடிகளைப் பற்றிய படங்களுக்கு ஆலோசகராக இருக்கும்படி அவரை 1967-இல் அழைத்தார்கள். ஆலோசனை சொல்ல வந்தவர் சில ஆண்டுகளில் தானே படம் எடுக்கத் தொடங்கினார்.

தொடக்க காலப் படங்கள்

முதல் படம் 'மூஸ் ஃபேக்டரியில் கிறிஸ்துமஸ்' (1971). ஜேம்ஸ் விரிகுடாவின் அருகேயுள்ள குடியிருப்பில், உறைவிடப் பள்ளியில் தங்கியிருந்த கிரீ இனக் குழந்தைகள் வண்ணக் குச்சிகளால் வரைந்த ஓவியங்களும் அவர்கள் சொல்லும் விளக்கங்களுமே படம். பதின்மூன்று நிமிடம்தான். ஆனால் பிறர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்பது என்னும் அவருடைய முறை இதிலேயே முழுமையாக இருக்கிறது. இதே காலத்தில் பள்ளிகளுக்கான கல்விப் பெட்டகங்களையும் வாரியத்துக்காகத் தயாரித்தார். படச்சுருள், ஒலிநாடா, நூல் ஆகியவை அடங்கிய அப்பெட்டகங்களில் அந்தந்தச் சமூகத்தினரே தங்களைப் பற்றிப் பேசினார்கள்.

'பல குழந்தைகளின் தாய்' (1977) அவருடைய முதல் முழுநீளப் படம். பிறப்பு முதல் முதுமை வரை பூர்வகுடிப் பெண்களின் வாழ்க்கை வட்டத்தைப் பல இனங்களைச் சேர்ந்த பெண்களின் குரல்களில் அது சொல்கிறது.

'ரெஸ்டிகூச் சம்பவம்' (1984)

1981 ஜூன் மாதம் 11, 20 ஆகிய நாட்களில், கியூபெக் மாகாணக் காவல்துறையினர் நூற்றுக்கணக்கில் திரண்டு ரெஸ்டிகூச் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் நுழைந்தனர். அங்குள்ள மிக்மாக் மக்களின் சால்மன் மீன் வலைகளைப் பறிமுதல் செய்து, பலரைக் கைது செய்தனர். மீன்வளம் குறைகிறது என்பது மாகாண அரசு சொன்ன காரணம். தலைமுறைகளாக அந்த ஆற்றில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களுக்குக் கட்டுப்பாடு விதித்த அரசு, பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்கள் பிடிக்கும் மீனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது மிக்மாக் தரப்பின் வாதம்.

இந்தப் படத்தின் மையம், அப்போது துறை அமைச்சராக இருந்த லூசியன் லெசார்டுடன் ஒபோம்சாவின் நடத்திய நேர்காணல். தனக்கென மொழி, பண்பாடு, நிலம் உள்ள மக்களே இறையாண்மை கோரலாம் என்ற பொருளில் அமைச்சர் மிக்மாக் தலைவரிடம் பேசியிருந்தார். கனடாவிலிருந்து கியூபெக்குக்கு இறையாண்மை வேண்டும் என்று ஓராண்டுக்கு முன்புதான் பொதுவாக்கெடுப்பு நடத்திய கட்சியின் அமைச்சர் அவர். உங்களுக்கு உரிமை என்பது எங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று ஒபோம்சாவின் கேமராவுக்கு முன்னாலேயே கோபத்துடன் கேட்கிறார். அமைச்சர் இறுதியில் மன்னிப்புக் கேட்கும் தொனிக்கு வந்துவிடுகிறார். ஆவணப்பட இயக்குநர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற மரபை இந்தக் காட்சி மீறுகிறது. படத்தின் வலிமையும் அந்த மீறலில்தான் இருக்கிறது.

'ரிச்சர்ட் கார்டினல்' (1986)

ரிச்சர்ட் கார்டினல் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த மேட்டி இனச் சிறுவன். நான்கு வயதளவில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்கள், விடுதிகள், காப்பகங்கள் என 28 இடங்களுக்கு மாற்றப்பட்டவன். 1984-இல், பதினேழாம் வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் விட்டுச்சென்ற நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு ஒபோம்சாவின் எடுத்த படம் அரை மணி நேரம்கூட இல்லை. நாட்குறிப்பின் வரிகள் வாசிக்கப்படுகின்றன, அவனுடைய இளமைக்காலம் அமைதியான நடிப்புக் காட்சிகளாக வருகிறது, கடைசியாக அவன் தங்கியிருந்த வீட்டாரும் உடன்பிறந்தவரும் பேசுகிறார்கள். ஆல்பர்ட்டாவின் குழந்தைகள் நலச் சட்டமும் நடைமுறையும் மறுபரிசீலனைக்கு உள்ளான காலத்தில் இந்தப் படம் அதிகாரிகளுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் திரையிடப்பட்டது.

ஓகா நெருக்கடி

மொன்றியாலுக்கு மேற்கே உள்ள ஓகா நகராட்சி, தன் ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தைப் பதினெட்டாக விரிவாக்கவும் அருகே சொகுசு வீடுகள் கட்டவும் திட்டமிட்டது. அதற்குரிய பைன் மரக்காடு, கானெசடாகே மோஹாக் மக்கள் தங்களுடையது என்று கோரிவந்த நிலம். அவர்களுடைய இடுகாடும் அங்கேதான் இருந்தது. 1717-இல் பிரெஞ்சு அரசர் அந்நிலத்தைச் சுல்பீசியர் என்னும் கத்தோலிக்கத் துறவுச் சபைக்கு அளித்ததிலிருந்து வழக்கு தொடங்குகிறது. படத்தின் தலைப்பிலுள்ள 270 ஆண்டுக் கணக்கு அந்தக் காலத்திலிருந்து வருவது.

1990 மார்ச்சில் மோஹாக் மக்கள் காட்டுப் பாதையில் தடுப்பு அமைத்தனர். ஜூலை 11 அதிகாலையில் மாகாணக் காவல்துறை கண்ணீர்ப் புகையுடன் தாக்கியது. துப்பாக்கிச் சூட்டில் கார்ப்பரல் மார்செல் லெமே என்ற காவலர் கொல்லப்பட்டார். சுட்டது யார் என்பது இறுதிவரை நிறுவப்படவில்லை. கானவாகே மோஹாக் மக்கள் ஆதரவாக மெர்சியே பாலத்தை மறித்தனர். அது மொன்றியாலின் தென்கரைப் பகுதிகளிலிருந்து வேலைக்கு வருவோரின் முக்கிய வழி. ஆகஸ்டில் காவல்துறையின் இடத்தில் கனடிய இராணுவம் நிறுத்தப்பட்டது. மொத்தம் 78 நாட்கள் நீடித்த முற்றுகை செப்டம்பர் 26 அன்று முடிந்தது.

வேறொரு படத்தில் ஈடுபட்டிருந்த ஒபோம்சாவின், தாக்குதல் செய்தியை வானொலியில் கேட்டதும் அதை நிறுத்திவிட்டு ஓகாவுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 57. இராணுவத்தின் முள்கம்பி வளையத்துக்குள், தடுப்பின் மோஹாக் பக்கத்தில் தங்கிப் படம் பிடித்தார். உணவும் படச்சுருளும் உள்ளே வருவதே கடினமாகியது. செய்தியாளர்கள் பலர் வெளியேறிய பிறகும் அவர் இருந்தார். தொலைக்காட்சிகள் முகமூடி அணிந்த போராளிகளையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய கேமரா சமைக்கும் பெண்களையும் முதியவர்களையும் சலித்துப்போன சிப்பாய்களையும் பதிவு செய்தது.

119 நிமிடப் படமாக 1993-இல் வெளிவந்த 'கானெசடாகே' அவ்வாண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் சிறந்த கனடியத் திரைப்படத்துக்கான விருதைப் பெற்றது. ஓர் ஆவணப்படம் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. படம் ஒரு பக்கம் சாய்கிறது என்ற விமர்சனம் எழுந்தது. எங்கே நின்று படம் பிடித்தார் என்பதைப் படம் மறைக்கவில்லை. மாற்றுத் தரப்பான மேயர், அமைச்சர், இராணுவ அதிகாரிகள் ஆகியோர் பேசுவதும் அதில் இடம்பெறுகிறது.

நெருக்கடிக்குப் பின் கோல்ஃப் மைதான விரிவாக்கம் கைவிடப்பட்டது. கூட்டரசு சர்ச்சைக்குரிய நிலத்தை விலைக்கு வாங்கியது. ஆனால் நிலத்தின் உரிமை குறித்த அடிப்படைக் கேள்வி அத்துடன் தீரவில்லை. 1991-இல் பூர்வகுடி மக்கள் குறித்த அரச ஆணையம் அமைக்கப்பட்டது.

எடுத்த காட்சிகளும் சொல்லப்படாத கதைகளும் ஒரு படத்துக்குள் அடங்கவில்லை. எனவே மேலும் மூன்று படங்கள் வந்தன: 'என் பெயர் கஹென்தியோஸ்தா' (1995), 'ஸ்பட்ரெஞ்ச்: கானவாகே மனிதர்' (1997), 'விஸ்கி டிரெஞ்சில் கற்கள்' (2000). கடைசிப் படம், 1990 ஆகஸ்ட் 28 அன்று கானவாகேயை விட்டுக் கார்களில் வெளியேறிய பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் மீது கூட்டம் கல்லெறிந்த நிகழ்வைப் பற்றியது. பத்தாண்டுக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது காரில் இருந்தவர்களின் குரல் நடுங்குவதைப் படத்தில் கேட்கலாம்.

திரைப்பட முறை

ஒபோம்சாவின் ஒரு சமூகத்துக்கு முதலில் கேமரா இல்லாமல் செல்கிறார். ஒலிப்பதிவுக் கருவியுடன் தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசக் கேட்கிறார். படக்குழு பின்னரே வருகிறது. படத்தில் ஒலிக்கும் குரலுக்குப் பல நேரங்களில் இந்த முதல் பதிவுகளே ஆதாரம். கேமரா முன் ஒருவர் இரண்டாவது முறை சொல்லும்போது முதல் முறை இருந்த உண்மை சற்றுக் குறைந்துவிடுகிறது என்பது அவருடைய அனுபவம். பெரும்பாலான படங்களில் விவரணைக் குரலும் அவருடையதே. அது தாழ்ந்த, அவசரமில்லாத குரல். வேகமான படத்தொகுப்புக்குப் பழகியவர்களுக்கு அவருடைய படங்கள் தொடக்கத்தில் மெதுவாகத் தோன்றக்கூடும்.

பிற்காலப் படங்கள்

2002-இல் வந்த 'அரசு எங்களுடன் போரிடுகிறதா?' நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் சிங்கி இறால் பிடிக்கும் உரிமைக்காக மிக்மாக் மக்கள் நடத்திய போராட்டத்தைப் பேசுகிறது. 2012-இல் அட்டாவாபிஸ்காட் பகுதியின் வீட்டுப் பற்றாக்குறை குறித்தும், 2014-இல் 'தந்திரமா ஒப்பந்தமா?' என்ற தலைப்பில் 1905-இல் தொடங்கிய ஒன்பதாம் எண் ஒப்பந்தம் குறித்தும் படங்கள் எடுத்தார். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட வாக்குறுதிக்கும் காகிதத்தில் எழுதப்பட்டதற்கும் இடையிலான வேறுபாடுதான் இரண்டாவது படத்தின் பொருள்.

இக்காலப் படங்களில் நீளமானது, 'அதே தவறை இருமுறை செய்ய முடியாது' (2016). ஒதுக்கீட்டுப் பகுதிகளில் வாழும் குழந்தைகளின் நலனுக்குக் கூட்டரசு குறைவாக நிதி ஒதுக்குவது பாகுபாடு என்று 2007-இல் மனித உரிமை முறையீடு செய்யப்பட்டது. அந்த விசாரணையை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இப்படம் பின்தொடர்கிறது. 2016 ஜனவரியில் தீர்ப்பாயம் அரசு பாகுபாடு காட்டியதாகத் தீர்ப்பளித்தது. இதையொட்டி, 2,300 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீட்டு உடன்பாட்டை 2023-இல் நீதிமன்றம் ஏற்றது.

இதன் தொடர்ச்சி 'ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன், தூதன்' (2019). மனிடோபாவின் நார்வே ஹவுஸ் கிரீ சமூகத்தில் 1999-இல் பிறந்த ஜோர்டனுக்கு வீட்டில் வைத்துச் சிகிச்சை அளிக்கலாம் என்று மருத்துவர்கள் கூறிய பிறகும், செலவை ஏற்பது கூட்டரசா மாகாணமா என்ற தகராறு நீண்டது. ஐந்து வயதில், மருத்துவமனையிலேயே அவன் இறந்தான். முதலில் சிகிச்சை, பிறகு செலவுக் கணக்கு என்னும் 'ஜோர்டன் கோட்பாட்டை' 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. ஏற்றதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே கடந்த ஆண்டுகளைத்தான் படம் கணக்கெடுக்கிறது.

இசை, விருதுகள்

ஒபோம்சாவினின் 'புஷ் லேடி' இசைத்தொகுப்பு 1988-இல் வெளிவந்தது. நீண்ட காலம் கிடைப்பதற்கு அரிதாக இருந்து, 2018-இல் மறுவெளியீடு கண்டது.

'ஆர்டர் ஆஃப் கனடா' விருதின் உறுப்பினர் நிலை 1983-இலும், அதன் உச்ச நிலையான 'கம்பேனியன்' 2019-இலும் வழங்கப்பட்டன. 2020-இல் கிளென் கோல்ட் பரிசுக்குத் தேர்வானார். 2023-இல் எட்வர்ட் மேக்டவல் பதக்கம் பெற்றார். அவருடைய வாழ்நாள் பணியைக் காட்டும் 'குழந்தைகள் வேறொரு கதையைக் கேட்க வேண்டும்' என்ற கண்காட்சி 2022-இல் பெர்லினில் தொடங்கிப் பின்னர் வான்கூவருக்கும் சென்றது. தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் படம் எடுப்பதை அவர் நிறுத்தவில்லை. அவருடைய பெரும்பாலான படங்களைத் தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.