முதல் அடியில் ஏன் குத்துகிறது குதிகால்?

ஏற்காட்டில் இருக்கும் அக்காவுக்கு ஆறு மாதமாகக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் ஆணி ஏறியதுபோல் சுருக்கென்கிறதாம். பத்துப் பதினைந்து அடி நடந்தால் அடங்கிவிடுகிறது. போன ஞாயிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சிகளை நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது மறுபடியும் அதே சுருக். சுவரைப் பிடித்துக்கொண்டு, "நடந்தா வலிக்கணும், உட்கார்ந்தா குறையணும். எனக்கு உட்கார்ந்து எழுந்தாத்தான் வலிக்குது. இது என்னடா கணக்கு?" என்று கேட்டாள்.

அவர்கள் இருக்கும் வாடகை வீட்டுக்குச் சாலையிலிருந்து 40 படி. சமதளத்தில் ஒரு வீடு பார்த்து முன்பணமும் கொடுத்தாயிற்று. மூலப் பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து விட்டுப்போனதால் பதிவு மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஊரில், ஏரிக்கரையை விட்டால் ஏறாமல் இறங்காமல் நடக்கக்கூடிய தெரு குறைவு. அவள் கேள்விக்கான விடையில் இந்த மேட்டுக்கும் பங்கு உண்டு.

உள்ளங்காலில், குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில் என்று கொண்டால் இது நாண். ஆனால் இந்த நாண் சும்மா கட்டிக் கிடப்பதில்லை. நிற்கும் ஒருவரின் கால் கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளங்கால் வளைவு கண்ணெதிரே உயரும். கூர்ந்து கவனித்தால் கெண்டைக்காலும் மெல்ல வெளிப்பக்கம் திரும்புவது தெரியும். அக்கா மகன் தூக்கினான். அக்காவின் பாதம் தானாக எழும்பியதைப் பார்த்து மூன்று முறை மறுபடி தூக்கினான். அவள் எந்தத் தசையையும் இறுக்கவில்லை. விரல் மடங்கும்போது, அதன் அடியில் உருண்டையாக இருக்கும் எலும்பு முனைமேல் நார்ப்பட்டை சுற்றிக்கொள்கிறது. சுற்றிய அளவுக்கு நாண் குட்டையாகிறது, குதிகாலும் முன்பாதமும் நெருங்குகின்றன, வளைவு எழும்புகிறது. ஒவ்வோர் அடியிலும் குதிகாலைத் தூக்கி உந்தும் அந்தக் கணத்தில், தொளதொளவென்று இருந்த பாதம் இப்படித்தான் விறைத்த நெம்புகோலாக மாறுகிறது. உடலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

ஹிக்ஸ் என்பவர் 1954-இல் இதை விளக்கி எழுதினார். கயிறு சுற்றும் உருளையைத்தான் அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். வரலாறு இவ்வளவு போதும்.

நமக்குக் கிணற்று ராட்டினம் இருக்கிறது. கட்டைவிரல் மூட்டு ராட்டினம், நார்ப்பட்டை கயிறு, குதிகால் வாளி. கயிறு நைந்துபோவது நடுவில் அல்ல, வாளியில் முடிச்சுப் போட்ட இடத்தில். பாதத்திலும் வலி பெரும்பாலும் குதிகாலின் உள்பக்க விளிம்பில்தான், நார் எலும்பைப் பற்றியிருக்கும் முடிச்சில். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்கிறது. கயிறு இரவெல்லாம் தொய்ந்து கிடக்கிறது. காலையில் முழு உடம்பின் எடையும் ஒரே வெட்டில் முடிச்சில் விழுகிறது. நாலைந்து முறை இறைத்ததும் கயிறு பதம் பெறுகிறது. தரையில் உட்கார்ந்து எழுந்தாலும் இதே கதைதான். மேடேறும்போது கணுக்கால் இன்னும் மடங்குகிறது, கெண்டைத் தசை குதிகாலைப் பின்னாலிருந்து இழுக்கிறது; கயிற்றில் இழுவை கூடுகிறது. காப்பித் தோட்டச் சரிவில் நாள் முழுக்கப் பழம் பறிப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வலிக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் 'பிளான்டர் ஃபேஷியைட்டிஸ்'. பெயரிலேயே அழற்சி இருக்கிறது. ஆனால் 2003-இல் லெமான்ட் குழுவினர் அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களைப் பார்த்தபோது, தெரிந்தது நார்ச் சிதைவுதான். அழற்சியின் தடயம் இல்லை. எக்ஸ்ரேயில் குதிகாலில் 'எலும்பு முள்' தெரிகிறது என்று கேட்டு மிரள வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது. முள்ளைக் கரைக்கும் எண்ணெய், ஒரே வாரத்தில் குணமாக்கும் செருப்பு என்று வரும் விளம்பரங்களுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் இந்த வலி தணிந்துவிடும். அந்தச் சமயத்தில் காலில் எது இருந்ததோ அது பெயரைத் தட்டிக்கொண்டு போகும்.

ராட்டின உவமை ஓரிடத்தில் உடைகிறது. கயிறு இழுக்க இழுக்கத் தேயும். உயிருள்ள நார் அளவாக இழுத்தால் உறுதிப்படும். எனவே படுக்கையை விட்டு இறங்கும் முன்பே காலைத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முன்னங்கால் பக்கம் இழுத்து 10 விநாடி பிடிக்க வேண்டும். இப்படி 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. இன்னொன்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்துப் படி விளிம்பில் நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கில் நடந்த சோதனையில், வெறும் நீட்டல் பயிற்சியைவிட இது மூன்று மாதத்தில் கூடுதல் பலன் தந்தது. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சர்க்கரை நோய் இருந்தாலோ, மரத்துப்போனாலோ, வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டிவிட்டே எதையும் தொடங்குங்கள்.

வீட்டுப் பதிவுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. நட்சத்திரம் வாசலில் தொங்குகிறது. அக்கா அதற்குக் கீழே, 40 படியில் மேல் படி விளிம்பில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்குகிறாள்; மகன் எண்ணுகிறான்.