சூரியன் மறையாத கடலில் இஷா எப்போது?

 

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையை இரவில் கண்டிருக்கிறீர்களா? ஆலைகளின் விளக்கொளியில் நள்ளிரவும் பகல்போல் காட்சி தரும். இரவு ஷிப்டில் நிற்கும் நம் இளைஞர்கள் வானத்தைப் பார்த்தல்ல, கடிகாரத்தைப் பார்த்தே சுபுஹு நேரத்தை அறிகிறார்கள்.

அத்தகைய ஆலை ஒன்றில் பொறியாளராக இருக்கும் என் பழைய மாணவர், நார்வே நாட்டுக் கடலில் கப்பல் சுற்றுலா செல்ல ஏற்பாடு செய்துகொண்டு, மனைவியுடனும் தாயாருடனும் என்னைக் காண வந்தார். வட ஐரோப்பா இப்பகுதிக்குப் புதிதன்று. ஃபின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை நடத்தியதை நாம் அறிவோம்.

மருமகள் கேட்டார்: "ஹஜ்ரத், நாங்கள் போகும் இடத்தில் சூரியனே மறையாதாமே! மஃரிபும் இஷாவும் எப்போது தொழுவது?"

மாமியார் குறுக்கிட்டார்: "தொழ நேரமே இல்லாத ஊருக்கு எதற்கம்மா போக வேண்டும்?"

இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம்.

இரவில்லாத நாடு

பூமி தன் அச்சில் ஏறக்குறைய 23.5 பாகை சாய்ந்து சுழல்கிறது. ஆகவே, வடதுருவத்தை நெருங்க நெருங்கக் கோடையில் பகல் நீள்கிறது. நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் ஜூன் மாதம் இரவு 11 மணியளவில் சூரியன் மறைந்து, அதிகாலை 4 மணியளவில் உதிக்கும். இடையில் அந்தி வெளிச்சம் முற்றிலும் நீங்குவதில்லை. இன்னும் வடக்கே டிராம்ஸோ நகரில் மே 20 அளவில் தொடங்கி ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை!

ஆயிரமாண்டுக்கு முன்பே

இக்கேள்வி இன்று பிறந்ததன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் இப்னு ஃபள்லான் என்பவர் பக்தாதிலிருந்து புறப்பட்டார். கி.பி. 922 மே மாதம் வோல்கா நதிக்கரையிலிருந்த பல்கர் நாட்டை அடைந்தார். அங்கே ஒரு நாள் கூடாரத்தில் ஒருவருடன் பேசியபடி இஷா பாங்கிற்காகக் காத்திருந்தார். பாங்கொலி கேட்டு வெளியே வந்தால், பொழுது புலர்ந்துகொண்டிருந்தது! அது சுபுஹு பாங்கு. இஷாவை மஃரிபுடன் சேர்த்தே தொழுதுவிடுவோம் என்றார் முஅத்தின். சுபுஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு மாதமாகத் தாம் இரவில் உறங்கவில்லை என்றும் சொன்னாராம். சகோதரர்களே, அந்த அச்சம் நமக்கு இருக்கிறதா?

மார்க்கத்தின் தீர்வு

தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு போல் நீளும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, அந்நாளுக்கு ஒரு நாள் தொழுகை போதுமா என்று தோழர்கள் வினவினர். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்பது நபிகளாரின் பதில். நவ்வாஸ் பின் ஸம்ஆன் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அந்தி மறையாத ஊரில் இஷா கடமையா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. கடமையே என்பது இமாம் இப்னுல் ஹுமாம் போன்றோரின் முடிவு. அந்தி மறையும் மிக அருகிலுள்ள ஊரைக் கொண்டு கணிக்க வேண்டும் என்பது ஷாபிஈ அறிஞர்களின் வழி. டிராம்ஸோவில் வாழும் முஸ்லிம்கள் பலர், சூரியன் மறையாத நாட்களில் மக்காவின் நேரங்களைப் பின்பற்றுகின்றனர்.

எனவே, நாள்தோறும் கப்பல் நிற்கும் இடத்திற்கேற்ப ஐவேளை நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுமாறு அவர்களுக்குக் கூறினேன். பயணியருக்குக் கஸ்ரு உண்டு. ஷாபிஈகளுக்கு ஜம்உம் உண்டு. இயன்றால் நின்று தொழ வேண்டும். தலைசுற்றினால் அமர்ந்து தொழலாம். நமக்குக் கிப்லா மேற்குத் திசை. அங்கோ தென்கிழக்கே. தொழும்போது கப்பல் திரும்பினால் நாமும் திரும்ப வேண்டும்.

தாயாருக்குச் சொன்னது

"அம்மா, நேரமில்லாத ஊர் என்று ஒன்றில்லை, நேரத்தைப் பேணாத மனிதர்தாம் உண்டு. ஆகுமான பயணத்தை மார்க்கம் தடுக்கவில்லை" என்றேன். மாணவரிடம் மட்டும் ஒன்று கேட்டேன்: "தம்பி, ஹஜ் கடமையாகிவிட்டதா? இது வட்டிக் கடனில் போகும் பயணமா?" கடன் இல்லை என்றார். ஹஜ் பற்றிய கேள்விக்குத் தலை குனிந்தார். அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பிப்பதாகத் தாயார் முன்னிலையில் வாக்களித்தார்.

அவர்கள் திரும்பி வந்தபின் மருமகள் சொன்னது இது: "நடுநிசியில் எல்லோரும் மேல்தளத்தில் சூரியனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள், ஹஜ்ரத். நாங்கள் அறையின் திரையை மூடிவிட்டு, தாளைப் பார்த்து இஷா தொழுதோம். ஊரில் பாங்கு கேட்டும் எத்தனை முறை தாமதித்திருக்கிறோம் என்று அப்போது அழுகை வந்தது."

வாசகர்களே! நமக்கு இரவும் உண்டு, பகலும் உண்டு, பாங்கொலியும் உண்டு. நாம் என்ன சாக்குச் சொல்லப் போகிறோம்? தொழுகையை அதனதன் நேரத்தில் பேணும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.