தள்ளிப்போடும் மனமும் ஒரு கிலோ பருப்பும்

நன்மை எது என்று அறிந்திருந்தும் அதனை நாளைக்கென ஒத்திவைப்பது மனித இயல்பு. இன்றைய சிறு தொல்லை மனத்திற்குப் பெரிதாகவும், பின்னர் வரும் பெரும்பயன் சிறிதாகவும் தோன்றுகின்றன. இத்தகைய மனத்தை வற்புறுத்தாமலே நல்வழியில் திருப்பச் சிறு தூண்டுதல் பெரிதும் உதவும் என்பதற்கு இராஜஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு சான்றாகும்.

உதயபூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் தடுப்பூசி இலவசமாகவே கிடைத்து வந்தது. எனினும், எல்லா ஊசிகளும் முற்றுப்பெறத் தாய்மார் ஐந்து முறையேனும் வேலையை விட்டு வரவேண்டியிருந்தது. வந்த நாளில் மருத்துவ நிலையம் பூட்டிக் கிடப்பதும் உண்டு.

2004 முதல் 2007 வரை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய ஆராய்ச்சியாளர், சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனத்துடன் கூடி, 134 கிராமங்களை மூன்று பிரிவுகளாகச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்தனர். 74 கிராமங்களில் புதிதாக ஒன்றும் செய்யப்படவில்லை. 30 கிராமங்களில் மாதந்தோறும் குறித்த நாளில் தவறாமல் தடுப்பூசி முகாம் நடைபெற்றது. எஞ்சிய 30 கிராமங்களில், முகாமுடன், ஊசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், ஊசிகள் முற்றுப்பெற்றதும் உணவுத் தட்டுகளும் வழங்கப்பட்டன.

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்தபோது, எல்லா ஊசிகளையும் பெற்றோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 6 பேர். முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18 பேர். பருப்பும் அளித்த ஊர்களில் 39 பேர். செலவும் குறைந்தது. ஒரு குழந்தைக்கு முகாமில் எல்லா ஊசிகளும் போட்டு முடிக்க 2,202 ரூபாய் ஆயிற்று. பருப்பு அளித்த இடத்தில் 1,102 ரூபாயே ஆயிற்று. பலர் வந்தாலும் சிலர் வந்தாலும் செவிலியின் ஊதியம் ஒன்றே என்பதே இதற்குக் காரணம்.

தாய்மார் ஊசியை வெறுத்திருந்தால் ஒரு கிலோ பருப்பு அவர்கள் கருத்தை மாற்றியிராது. அவர்களைத் தடுத்தது பெரும்பாலும் எதிர்ப்பன்று, தாமதமே. ஆயினும் பருப்பு மந்திரமும் அன்று. அதனை அளித்த ஊர்களிலும் நூற்றுக்கு 61 குழந்தைகள் முழுப் பாதுகாப்புப் பெறவில்லை.

கிராமப் பணியாளரும் ஆசிரியரும் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. மக்கள் வராதபோது அவர்களது அறியாமையைப் பழிக்குமுன், சொன்ன நாளில் நிலையம் திறந்திருந்ததா என்று வினவவேண்டும். பிறகு, இன்றே வருவதற்கு ஏற்றதொரு சிறு காரணத்தை அவர்களுக்கு அளிக்கவேண்டும். இவ்விரண்டும் அமையாத ஊரில், அறிவுரை மட்டும் குழந்தையைக் காப்பாற்றாது.