நத்தார் கதையில் ஆங்கிலச் சொற்கள்



வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பில் படிக்கும் மாணவி ஒருவர் அண்மையில் தமது ஆங்கிலக் கொப்பியை என்னிடம் காட்டினார். பக்கம் பக்கமாகக் கடினமான சொற்கள். எதிரே தமிழ்ப் பொருள். எல்லாவற்றையும் பாடமாக்கியிருந்தார். ஆனால், தாயாரைப் பற்றிய கட்டுரையில், அவர் வீட்டுச் செலவைச் சிக்கனமாக நடத்துபவர் என்று சொல்ல விரும்பி, 'அவரிஷஸ்' என்று எழுதிவிட்டார். பாவம், அந்தத் தாய்! பணத்தாசை பிடித்தவர் என்றல்லவா அதற்குப் பொருள். 'த்ரிஃப்டி' என்று எழுதியிருக்க வேண்டும். பட்டியலில் இரண்டும் அருகருகே இருந்தன.

அவருக்கு நான் சிபார்சு செய்த நூல், சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கரோல்'. 1843 டிசெம்பர் 19 இல் வெளிவந்த இச்சிறு நாவலின் முதற் பதிப்பு 6,000 பிரதிகளும் அந்த நத்தாருக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. ஐந்தே அத்தியாயங்கள். சொற்கள்தாம் கொஞ்சம் கடினம்.

ஸ்க்ரூஜ் என்ற வட்டிக் கடைக்காரரை டிக்கன்ஸ் அறிமுகப்படுத்தும் விதத்தைப் பாருங்கள். பிழிவது, சுரண்டுவது, இறுகப் பற்றுவது என்று கை செய்யும் காரியங்களையே முதலில் அடுக்குகிறார். அதன் பிறகே 'கவெற்றஸ்' என்ற சொல் வருகிறது. பிறர் பொருளை அவாவுபவன் என்று அகராதி சொல்லும். அந்தக் கைகளைக் கண்டவருக்கு அகராதி வேண்டியதில்லை. தமிழிலும் உலோபி என்பது ஏட்டுச் சொல். பிசினாறி என்றால்தான் விரலில் ஏதோ ஒட்டுகிறது!

மரண சாசனம் பற்றிய சட்டச் சொற்கள் சிலவும் வருகின்றன. இளமையில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர் டிக்கன்ஸ். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

தாண்டக் கூடாத சொல் ஒன்று உண்டு: 'சேர்ப்பிளஸ்'. வர்த்தகம் படிப்போர் மிகை என்று அறிந்த சொல்தான். ஏழைகளுக்காக நிதி கேட்டு வந்தவர்களிடம் ஸ்க்ரூஜ் அதை மனிதர் மீது பிரயோகிக்கிறார். செத்தால் மிகையான சனத்தொகை குறையுமே என்பது அவர் வாதம். இது டிக்கன்ஸின் கற்பனை மட்டுமன்று. சனத்தொகை உணவு உற்பத்தியை விஞ்சும் என்று மல்தஸ் 1798 இல் எழுதினார். ஏழைகளை வேலை இல்லங்களுக்குத் தள்ளிய சட்டம் 1834 இல் வந்தது. கற்றவர்கள் தயக்கமின்றிப் பேசிய சொல் அது.

மூன்றாம் அத்தியாயத்தில், தம் எழுதுவினைஞரின் கால் ஊனமுற்ற மகன் ரைனி ரிம்மைக் காண்கிறார் ஸ்க்ரூஜ். பிள்ளை பிழைப்பானா என்று பதறிக் கேட்கிறார். உடன் வந்த ஆவி அவர் சொன்ன அதே சொல்லை அவரிடமே திருப்பிச் சொல்கிறது. அவர் தலை குனிகிறார். முதல் அத்தியாயத்தில் கணக்குப் புத்தகச் சொல்லாக இருந்தது, இங்கே ஒரு பிள்ளையின் மீது விழுகிறது.

ஆகவே, சொல்லுக்கு எதிரே பொருளை மட்டும் எழுதாதீர்கள். யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். அம்மாணவி இப்போது அப்படித்தான் செய்கிறார். தாயாரைப் பற்றிய கட்டுரையையும் திருத்தி எழுதிவிட்டார்.