ஓ வகையெனத் தோன்றும் பம்பாய் இரத்தம்

இரத்தப் பொருத்தத்தின் அடிப்படை

கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, சிவப்பணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஆன்டிஜென் என்னும் அடையாளப் பொருள்களே இரத்த வகையைத் தீர்மானிக்கின்றன என்பதையும், ஒருவரிடம் இல்லாத அடையாளத்தை அவரது பிளாஸ்மாவிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் தாக்குகின்றன என்பதையும் உணர்த்தியது. ஏ, பி ஆகிய இரண்டு ஆன்டிஜென்களும் ‘எச்’ என்னும் மூலப்பொருளின்மேல் ஒரு சர்க்கரைக் கூறு சேர்வதால் உருவாகின்றன. ஓ வகையினரிடம் அந்த எச் மாற்றமின்றி மிகுதியாக இருக்கும்.

பம்பாய் வகை

ஒய். எம். பெண்டேயும் அவருடைய குழுவினரும் 1952-ஆம் ஆண்டில் பம்பாயில் கண்டறிந்த வகையில் இந்த எச் பொருளே இருப்பதில்லை. ஆகவே இவ்வகையினரின் பிளாஸ்மாவில் ஏ, பி ஆகியவற்றோடு எச்சுக்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்துவதாகக் கருதப்படும் ஓ வகைச் சிவப்பணுக்களை இவர்களுக்கு ஏற்றினால், அவை குழாய்களுக்குள்ளேயே சிதைந்து, காய்ச்சல், முதுகுவலி, கருஞ்சிவப்புச் சிறுநீர், சிறுநீரகச் செயலிழப்பு என உயிருக்கே ஆபத்து நேரலாம். இவர்கள் பம்பாய் வகையினரிடமிருந்து மட்டுமே, அதுவும் ஆர்எச் பொருத்தம் பார்த்தே, இரத்தம் பெற இயலும். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இவ்வகையினர் என மதிப்பிடப்படுகிறது. ஐரோப்பாவில் இது பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவிலேயே உள்ளது.

உறவுமுறைத் திருமணமும் மரபும்

எச் பொருளை உருவாக்கும் மரபணுவின் செயலற்ற வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கே பம்பாய் வகை அமைகிறது. இருவரும் அதனை மறைவாகச் சுமப்பவர்களாயின் ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கம் நீடிக்கும் தமிழகத்தில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவினரையே மணந்துள்ளனர். ஒரே முன்னோரின் மரபணு இருவழியாகவும் வந்து சேர இத்தகைய மணங்கள் இடமளிப்பதால், பம்பாய் வகை போன்ற ஒடுங்கு மரபுப் பண்புகள் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது.

சோதனையில் நேரும் பிழை

சிவப்பணுக்களை மட்டும் சோதித்தால் ஏ, பி இரண்டும் காணப்படாததால் பம்பாய் வகை, ஓ எனவே பதிவாகும். சோதிக்கப்படுபவரின் சீரத்தை ஓ வகை அணுக்களுடன் கலந்து பார்க்கும் எதிர்முறைச் சோதனையில் அணுக்கள் திரளும்போதுதான் ஐயம் எழுகிறது. எச்சை அறியும் வினைப்பொருள் அதனை உறுதிசெய்கிறது. இதனால்தான் அட்டையில் வகை எழுதப்பட்டிருந்தாலும், இரத்தம் ஏற்றும் முன் கொடையாளர், நோயாளி இருவரின் மாதிரிகளையும் சேர்த்துப் பார்க்கும் குறுக்குப் பொருத்தச் சோதனை தவிர்க்கக்கூடாதது.

மாரண்டஹள்ளி மக்கள் செய்யத்தக்கவை

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த மாரண்டஹள்ளி போன்ற சிற்றூர்களில் அவசரத்துக்கு இரத்தம் வேண்டுவோர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, அதற்கப்பால் சேலம், பெங்களூரு நகரங்களையோ நாட வேண்டியிருப்பதால், அரிய வகையை நெருக்கடி நேரத்தில் தேடுவதைவிட முன்னரே அறிந்து வைப்பதே பயன் தரும். கர்ப்பிணிகளும் அறுவைச் சிகிச்சைக்குத் திட்டமிடுவோரும் தொடக்கத்திலேயே வகையை முழுமையாகச் சோதித்துக்கொள்வது நல்லது. ஒருவருக்குப் பம்பாய் வகை உறுதியானால், அவரது உடன்பிறந்தாரைச் சோதிப்பதே கொடையாளரைக் கண்டறியும் குறுக்குவழி. எனினும் நெருங்கிய உறவினரின் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் பெறுபவரின் உடலைத் தாக்கும் அபாயம் இருப்பதால், அதனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே ஏற்றுதல் வேண்டும்.

குளிர்பதனத்தில் சிவப்பணுக்கள், சேர்க்கப்படும் கரைசலைப் பொறுத்து, 35 முதல் 42 நாள்கள் வரையே தாங்கும். எனவே உறைநிலைச் சேமிப்பு இல்லாத இடங்களில் அரிய வகைக்கு உரிய பாதுகாப்பு, அழைத்தவுடன் வரக்கூடிய கொடையாளர்களின் பட்டியலே ஆகும். 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, குறைந்தது 45 கிலோ எடையும் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உடைய நலமானவர்கள், ஆண்களாயின் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்களாயின் 120 நாள்களுக்கு ஒருமுறையும் இரத்தம் அளிக்கலாம். வழக்கமான வகையினர் இவ்வாறு தொடர்ந்து முன்வருவதும் அரிய வகையினருக்கு உதவுகிறது. ஏனெனில் கொடையாளர் ஒவ்வொருவரின் இரத்தமும் முறையாகச் சோதிக்கப்படும்போதுதான், ஓ என்ற பெயரில் மறைந்திருக்கும் பம்பாய் வகையினர் கண்டறியப்படுகின்றனர்.