ஆவாரையும் பேயாவாரையும்: பிரித்தறியும் முறை

உடப்பு, முந்தல், புத்தளம் ஆகிய கரையோரப் பகுதிகளின் வறண்ட பற்றைக்காடுகளில் பொன்னிறமாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையைக் கமக்காரர் நன்கறிவர். ஆவரசு என்றும் அதனை வழங்குவர். அதன் பூ குடிநீருக்கும், தழை வயற் பசளைக்கும் பயன்படுகின்றன. ஆனால், அதனையொத்த மஞ்சட் பூவுடைய பேயாவாரை என்னும் களை வீட்டு வளவிலும் தோட்ட வேலியோரத்திலும் தானே முளைக்கின்றது. அதன் விதை நஞ்சுடையது. ஆதலின் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியமாகும்.

ஆவாரை

1. பல்லாண்டு வாழும் பற்றைச்செடி. பூக்கள் பெரியவை, கிளை நுனிகளில் கொத்தாகப் பூக்கும்.
2. ஓர் இலையில் 8 முதல் 12 சோடி வரை சிற்றிலைகள் இருக்கும். அவற்றின் நுனி மழுங்கியது.
3. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற அகன்ற தகடுகள் இரண்டு இருக்கும். இதுவே உறுதியான அடையாளம். தாவரநூலார் வழங்கும் 'ஓரிக்குலாட்டா' என்னும் பெயரும் 'காதுடையது' எனப் பொருள்படும்.
4. காய் தட்டையானது, கடதாசிபோல் மெல்லியது. விதைகளுக்கிடையே பள்ளம் விழுந்திருக்கும்.

பேயாவாரை

1. சிற்றிலைகள் 4 முதல் 6 சோடி வரையே. நுனி கூர்மையானது.
2. இலையைக் கசக்கினால் தீய நாற்றம் வீசும்.
3. காதுமடல் போன்ற தகடுகள் இல்லை.
4. காய் 4 அல்லது 5 அங்குல நீளமுடையது. சற்றே மேனோக்கி வளைந்தது. முற்றிய காயின் நடுப்பகுதி கபிலமாகவும் விளிம்பு வெளிறியும் தோன்றும்.

மூன்று சோடிச் சிற்றிலைகளும் ஊசிபோன்ற நீண்ட காய்களும் உடையது தகரை. அது வேறு செடி.

நேரக்கூடிய தீங்கு

இந்தியாவின் உத்தரப் பிரதேச மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் சிறுவர் பலர் திடீரென நோயுற்று இறந்தனர். அது மூளைக் காய்ச்சல் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. பிஜ்னோர் மாவட்டத்தில் ஆராய்ந்த வைத்தியர்கள், அச்சிறுவர் பேயாவாரை விதையைத் தின்றமையே காரணம் என 2007ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அந்நஞ்சு ஈரலையும் தசையையும் மூளையையும் தாக்கும். தீனியுடன் இவ்விதை கலந்தால் மாடுகளும் தசை நலிந்து விழும்.

செய்யவேண்டியவை

பேயாவாரையைக் காய்க்கு முன்னரே வேருடன் பிடுங்குக. குடிநீருக்குப் பூப் பறிப்போர் இலையடியின் காதைப் பார்த்த பின்னரே பறித்தல் வேண்டும். உலர்ந்தபின் பூவைக்கொண்டு இனங்காணல் கடினம். காய்த்த பேயாவாரையைப் பசளையாக வயலில் இடலாகாது. இட்டால் களை பெருகும். பிள்ளைகள் விதையைத் தின்றுவிட்டால், அக்காயையும் எடுத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்குச் செல்க.