ட்ரீட் யாரோடது? ஒரு இத்தாலியன் டின்னர் பில்லை வரி வரியா படிப்போம்

அப்ரைசல் லெட்டர் மெயில்ல வந்து அரை மணி நேரத்துக்குள்ள வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வரும். "மச்சி, ட்ரீட் எப்போ?" உங்களுக்கும் வந்திருக்கும்.

போன மே மாசம் எங்க அயனம்பாக்கம் ஸ்கூல் செட்ல ஒருத்தன் டீம் லீட் ஆனான். "இந்த தடவை பிரியாணி வேண்டாம்டா, இத்தாலியன் போலாம், என் ட்ரீட்"னு அவனே சொன்னான். ஆறு பேர் அண்ணா நகர்ல ஒரு ரெஸ்டாரன்டுக்குப் போனோம். உட்வுட் ஃபயர் பீட்சா, ரிசோட்டோ, கடைசியில திராமிசுனு மேஜை நிறைஞ்சிருந்தது. எங்கள்ல ஒருத்தன் அம்பத்தூர் எஸ்டேட்ல மெஷின் ஷாப்ல வேலை பாக்குறான். அவன் மட்டும் ஒரு சூப், ஒரு பாஸ்தாவோட நிறுத்திக்கிட்டான்.

பில் வந்தது: 10,857 ரூபாய். டீம் லீட் மனசுல ஆறாயிரம்னு கணக்கு வச்சிருந்தான் போல, முகம் மாறிடுச்சு. "பரவால்ல மச்சி, ஷேர் பண்ணிக்கலாம்"னு யாரோ சொன்னாங்க. "சி.ஏ. இருக்கும்போது என்ன கவலை"னு போனை என் கையில குடுத்தாங்க. நானும் ஆறால வகுத்து, ஆளுக்கு 1,810னு சொன்னேன். அஞ்சு செகண்ட் வேலை. அந்த அஞ்சு செகண்டைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல அந்த பில்லையே பாருங்க. சாப்பாடு 9,400. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 940. ரெண்டையும் கூட்டி அதுக்கு மேல 5 சதவீதம் ஜிஎஸ்டி, 517.

இதுல ஜிஎஸ்டி சட்டப்படி கட்ட வேண்டியது. 2017 நவம்பர் 15ல இருந்து தனி ரெஸ்டாரன்ட்களுக்கு 5 சதவீதம்தான், ஏசி இருந்தாலும் இல்லைன்னாலும். ஆனா அதே பாஸ்தாவை ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள்ள சாப்பிட்டா கதை வேற. ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டுற ஹோட்டல்னா, அதுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரன்ட்ல 18 சதவீதம். எங்க 9,400 ரூபாய் சாப்பாட்டுக்கு வரி 470க்கு பதிலா 1,692 ஆகியிருக்கும். இடம் முடிவு பண்ணும்போதே இதைப் பாருங்க. ஒயின், பீர் ஆர்டர் பண்ணா அதுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, மாநில அரசோட வாட் வரிதான். ரெண்டும் ஒரே மொத்தத்துல கலந்து ஜிஎஸ்டி போட்டிருந்தா பிரிச்சுக் கேளுங்க. சின்ன கடைகள்ல பில்லுல 'காம்போசிஷன்'னு போட்டிருந்தா, அவங்க உங்ககிட்ட ஜிஎஸ்டி தனியா வசூலிக்கவே கூடாது.

சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை. பலர் அரசாங்கத்துக்குப் போகுதுனு நினைச்சு பேசாம கட்டுறாங்க. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி தெளிவா சொன்னது: அதை பில்லுல தானா சேர்க்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்து அது மேல ஜிஎஸ்டி போடக் கூடாது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனாங்க. 2025 மார்ச் 28ல அந்த மனுக்கள் தள்ளுபடி ஆச்சு. அப்பீலும் போட்டிருக்காங்க, அது தனிக் கதை. நீங்க செய்ய வேண்டியது, "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு பில் குடுங்க"னு மரியாதையா கேக்குறது. மறுத்தா 1915ங்கிற நுகர்வோர் உதவி எண் இருக்கு. சர்வர் நல்லா கவனிச்சாரா? அவர் கையில டிப்ஸ் குடுங்க, நானே குடுப்பேன்.

அன்னைக்கு நான் அதைக் கேக்கல. நண்பர்கள் முன்னாடி 'கஞ்சன்'னு பேர் வரும்னு கூச்சம், சி.ஏ.வா இருந்தும். கேட்டிருந்தா வரியோட சேர்த்து 987 ரூபாய் குறைஞ்சிருக்கும்.

இப்போ அந்த 1,810க்கு வரேன். எஸ்டேட் நண்பன் சாப்பிட்டது 800 ரூபாய்க்கு. வரியெல்லாம் சேர்த்தாலும் 924. அவன் கைக்கு வர்ற சம்பளம் 19,000, மாசம் 26 நாள் வேலை. 1,810ங்கிறது அவனுக்கு ரெண்டரை நாள் சம்பளம். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வெளிய போய் போன் பேசிட்டு வந்தான். திரும்பும்போது வானகரம் ரோட்டுல என் பைக் பின்னாடி உக்காந்திருந்தவன்கிட்ட கேட்டேன். அக்காகிட்ட வாங்கி அனுப்பினானாம். "ட்ரீட்னு சொன்னதாலதான்டா வந்தேன்." அவ்ளோதான் சொன்னான்.

சமமா பிரிக்கிறது நியாயமாத்தான் தெரியும். ஆனா அதிகமா சாப்பிட்டவனோட பாஸ்தாவுக்கு கம்மியா சாப்பிட்டவன் காசு குடுக்கிற ஏற்பாடு அது. பெரும்பாலும் கம்மியா ஆர்டர் பண்றவன் சம்பளமும் கம்மிதான்.

அப்போ டீம் லீட் என்ன பண்ணியிருக்கணும்? ஹைக் வந்த சந்தோஷத்துல நாம சி.டி.சி.யைப் பாத்து ட்ரீட் முடிவு பண்றோம். வருஷத்துக்கு 60,000 ஹைக்னா மாசம் 5,000னு தோணும். பேசிக் பாதி, முழு பேசிக்குக்கும் பி.எஃப். பிடிக்கிற கம்பெனினு வைங்க. ரெண்டு பக்க பி.எஃப். 600, கிராஜுட்டி 120 போனா கைக்கு வர்றது 4,280. வரி கட்டுறவங்கன்னா இன்னும் குறையும். அதுக்குள்ள என்ன முடியுமோ அதை முன்னாடியே குரூப்ல சொல்லிடுங்க. "என் பட்ஜெட் நாலாயிரம்டா, இடம் நீங்க சொல்லுங்க"ன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, அவன் மொத்த பில்லையும் கிரெடிட் கார்டுல தேச்சான். அஞ்சு பேர் அனுப்பின 9,050 அவன் சேவிங்ஸ் அக்கவுன்ட்ல விழுந்தது. இது வருமானமானு ஒரு பயம் நிறைய பேருக்கு இருக்கு. இல்லை, அது நீங்க செலவு பண்ணதோட திரும்ப வந்த காசு, வரி கிடையாது. பிரச்சனை வேற. அந்த 9,050 ரெண்டு வாரத்துல கரைஞ்சுடும், கார்டு பில் வரும்போது மினிமம் ட்யூ மட்டும் கட்டத் தோணும். சுமார் 540 ரூபாய். மாசம் 3.5 சதவீத வட்டி, அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 448. கட்டின காசுல அசலுக்குப் போறது நூறு ரூபாய்கூட இல்லை. அந்த மாசம் வாங்குற புதுசுக்கும் வட்டியில்லாத நாட்கள் போயிடும். அதனால நண்பர்கள் காசு வந்த அன்னைக்கே கார்டுல கட்டிடுங்க, பில் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில டீம் லீட்கிட்ட பேசினேன். ரெண்டு பேருமா சேர்ந்து எஸ்டேட் நண்பனுக்கு 1,810ஐ ஜிபே பண்ணோம். பத்து நிமிஷத்துல திருப்பி அனுப்பிட்டான். கூடவே ஒரே வார்த்தை: "டேய்." சாயங்காலம் மூணு பேரும் அயனம்பாக்கம் ஏரிக்கரையில டீ குடிச்சோம். டீக்குக் காசு அவன்தான் குடுத்தான். அடுத்த ட்ரீட்டுக்கு இடம் பாக்குற வேலையும் இப்போ அவன்கிட்டதான் இருக்கு.